மூன்றாம் மாடியில் வந்த கனவு

14

என் மனைவி இலிங்கா இறந்த நாற்பதாம் நாள் அவள் சாமான்கள் போன கதையை முன்பே சொல்லிவிட்டேன். கோட்டு ஒரு நர்ஸுக்கு. பூட்ஸ் சர்ச் வாசலில் நின்ற ஒருத்திக்கு. தலையணை, போர்வை, காபிக் கோப்பை எல்லாவற்றையும் மெழுகுவத்தி ஏற்றிக் கையில் கொடுத்து அனுப்பியாயிற்று. இங்கே ஒருவர் கையில் கொடுப்பது அங்கே இறந்தவர் கைக்குப் போய்ச் சேரும். எங்கள் வழக்கம் அது. என் மாமியார் லுக்ரேசியா ஒரு கரண்டியைக்கூட விட்டுவைக்கவில்லை.

மிஞ்சியது செடி.

படுக்கையறை ஜன்னலோரம் நிற்கிறது. கடைக்காரர்கள் மான்ஸ்டெரா என்பார்கள். எங்கள் ஊர் ப்ரயிலாவில் எல்லோருக்கும் அது பிலோடென்ட்ரான்தான். ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிது. ஓரம் முழுக்கக் கத்தரித்ததுபோல வெட்டு, நரம்பை ஒட்டி ஓட்டைகள். என்னைவிட ஒரு சாண் உயரம். கல்யாணமான வருஷம் இரண்டே இலையோடு அதை மடியில் வைத்துக்கொண்டு இலிங்கா பஸ்ஸில் வந்தாள்.

இன்று அவள் போய் ஆறு மாதம். மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. தவக்காலம்.

காலை ஏழரைக்கு மாமியார் வந்தார். கையில் கோலிவாத் தட்டு. வேகவைத்த கோதுமை, சர்க்கரை, வால்நட், மேலே கோகோவால் ஒரு சிலுவை. சர்ச்சில் அதை வைத்துத்தான் பெயர் சொல்லி ஜெபிப்பார்கள். தட்டை மேசையில் வைத்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"தயாரா?"

"சட்டை மட்டும் மாத்தணும்மா."

"சட்டையக் கேக்கல. செடியக் கேக்கறேன்."

"வேற எது வேணாலும் எடுத்துக்குங்க. டிவிய எடுத்துக்குங்க."

"அவ டிவி கேக்கலையே. இந்த டிவிய இந்த வீட்டுல நீ ஒருத்தன்தான் பாத்த."

புதன்கிழமை நடந்தது இது. மூன்றாம் மாடியில், எங்களுக்கு நேர் கீழே, தாந்தி சஃப்தா இருக்கிறாள். வயதில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் தாந்தி, அதாவது அத்தை. ட்ராமில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். சந்தையில் என் மாமியாரை நிறுத்தி, கனவில் இலிங்கா வந்தாள் என்று சொல்லியிருக்கிறாள். பெரிய முற்றமாம். கண் கூசும் வெயிலாம். அங்கே எல்லோர் கையிலும் ஏதோ இருந்ததாம். இவள் மட்டும் வெறுங்கையோடு நின்றாளாம். "தாந்தி, எனக்கு நிழலே இல்ல. என் செடிய அனுப்பச் சொல்லுங்க" என்றாளாம்.

"அந்தம்மா எத்தனை வருஷமா இந்தச் செடி மேல கண்ணு வெச்சிருக்கு தெரியுமா?" என்றேன். "வர்றப்பல்லாம் ஒரு துண்டு வெட்டிக் குடுன்னு இலிங்காவக் கேட்டுட்டே இருக்கும். அதுக்குக் கனவு வராம யாருக்கு வரும்?"

மாமியார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கையுறையை விரல் விரலாகக் கழற்றினார்.

"ஆறு மாசமா தலைமாட்டுல அவ ஃபோட்டோவ வெச்சுட்டுப் படுக்கறேன். படுக்கறதுக்கு முன்னாடி பேர் சொல்லிக் கூப்பிடறேன். எங்கிட்ட வரல. ட்ராம்ல டிக்கெட் கிழிச்சவகிட்டப் போயிருக்கா. போகட்டும். எங்க போனா என்ன? ஒண்ணு கேட்டிருக்கா. செத்ததுக்கப்புறம் அவ கேட்டது அது ஒண்ணுதான்."

"நான் குடுக்க மாட்டேம்மா."

"உன் சம்மதம் தேவையில்லேன்னா நேத்தே ஆளக் கூட்டிட்டு வந்து தூக்கியிருப்பேன். வீட்டுக்காரன் மனசார, தன் கையால குடுக்கணும். இல்லேன்னா வழியிலேயே நின்னுடும். அதனாலதான் உங்கிட்ட வந்து உக்காந்திருக்கேன். ஆசைப்பட்டு உக்காரல."

நான் எழுந்து படுக்கையறைக்குப் போனேன். தினமும் காலையில் செய்வதைச் செய்தேன். ஒரு கூஜா தண்ணீர் முழுவதையும் தொட்டியில் ஊற்றினேன். கீழ் இலைகள் மூன்று மஞ்சளாகியிருந்தன. மேலே இரண்டு இலைகளின் நுனியில் துளி நின்றது. விடிகாலையில் எப்போதும் இருக்கும். ஒவ்வொன்றாகத் தரையில் சொட்டும். செடி அழுகிறது என்று நான் நினைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

செடி விஷயத்தில் எனக்கு ஒரு கடன் உண்டு. போன கோடையில் இலிங்கா மூன்று மாதம் யாஷ் நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். ரத்தத்தில் கோளாறு. தனி அறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். மற்ற நாட்களில் மாலை ஏழு மணிக்கு ஃபோன் செய்வாள். காய்ச்சல் எவ்வளவு, டாக்டர் என்ன சொன்னார், சாப்பிட்டாயா. கடைசியில் தவறாமல் ஒரு கேள்வி.

"செடிக்குத் தண்ணி ஊத்தினியா? இலை தொடச்சியா?"

"ஊத்தினேன். தொடச்சேன்."

"தொடச்ச தண்ணில பீர் கலந்தா? அப்பத்தான் இலை பளபளக்கும்."

"கலந்துதான்."

பொய். அந்த அறைக்குள் நான் காலே வைக்கவில்லை. சமையலறை பெஞ்சில் படுத்தேன். துணிமணியைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவள் கட்டிலைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அடக்கம் முடிந்த அன்றுதான் கதவைத் திறந்தேன். செடி பச்சையாக நின்றது. இலைகள் பளபளத்தன. மூன்று மாதம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தானாகவே பிழைத்திருக்கிறது என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் ஊற்றுகிறேன்.

"குடுக்க மாட்டேன்" என்று கதவருகே வந்து இன்னொரு முறை சொன்னேன்.

"சட்டைய மாத்து. பாதிரியார் காத்திருப்பார்."

சர்ச்சில் பன்னிரண்டு பேர் இருந்தோம். பாதிரியாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. இலிங்காவின் பெயரை மூன்று முறை சொன்னார். நாங்கள் கோலிவாத் தட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தோம். தாந்தி சஃப்தா பின் வரிசையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும் மாமியார் நேராக அவளிடம் போனார்.

"சாப்பிட வா சஃப்தா. சாப்பாட்டுக்கு முன்னாடி குடுத்துருவான்."

"மனசிருக்கா அவனுக்கு?"

"இருக்கும். இல்லேன்னாலும் மதியத்துக்குள்ள வந்துரும்."

சஃப்தா என்னைப் பார்த்தாள். நான் மெழுகுவத்திகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் சமையலறைக்குள் போனார். அரிசியும் காளானும் வைத்து முட்டைகோஸ் இலையில் சுருட்டியதை முந்தின நாளே செய்து எடுத்து வந்திருந்தார். அதைச் சூடு பண்ணும் சத்தம் கேட்டது. சஃப்தா யாரையும் கேட்காமல் படுக்கையறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

அந்த அறையின் விளக்கு ஸ்விட்ச் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் சுவரைத் தடவித் தேடுவார்கள். சஃப்தா தேடவில்லை. கையைப் பின்னால் விட்டுத் தட்டினாள்.

தொட்டி மண்ணில் விரலை இரண்டாவது கணுவரை விட்டாள். எடுத்து முகர்ந்தாள்.

"கொன்னுட்டியே" என்றாள்.

"தினமும் பாத்துக்கறேன் தாந்தி."

"தினமும் பாத்ததாலதான் கேக்கறேன். எவ்வளவு ஊத்தற?"

"ஒரு கூஜா."

"பத்து நாளைக்கா?"

"தினமும்."

சஃப்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "குளிர்காலத்துல இதுக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவ போதும்டா. விரல விட்டா ரெண்டு கணு காய்ஞ்சிருக்கணும், அப்பத்தான் ஊத்தணும். வேர் அழுகிருச்சு. மோந்து பாரு. ஏரி நாத்தம் அடிக்குது."

"காலைல பாத்தா இலை நுனியில சொட்டு சொட்டா... அழுகுதுன்னு..."

"அழுகையாம். மூச்சு முட்டத் தண்ணி குடுத்தா அது எங்க கொண்டுபோய் வெக்கும்? நுனி வழியாத் துப்புது." என் நெஞ்சில் விரலால் குத்தினாள். "நீ ஊத்தறது இதுக்கு மட்டும் போகல. என் கட்டிலுக்கு நேர் மேல கூரையில பேசின் அகலத்துக்கு ஈரம். ஜனவரிலேருந்து."

"சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு தடவ வந்து தட்டினேன். 'எல்லாம் நல்லாருக்கு தாந்தி'ன்னு தெறக்காமலே சொன்ன. கதவுகிட்ட எவ்வளவு நேரம் பேசறது?"

எனக்குப் புரிய ஆரம்பித்தது.

"அப்ப கனவு?"

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். சமையலறையில் தட்டுகள் மோதின.

"என்னத்தக் கனவு. நான் படுத்தா கட்டை. செத்துப் பதினோரு வருஷம் ஆகுது, என் புருஷனே ஒரு தடவ வந்ததில்ல. நல்லவேள." குரலைத் தாழ்த்தினாள். "வேற எப்படிச் சொல்லி இத உங்கிட்டேருந்து எடுக்கறது? கேட்டாக் குடுத்திருப்பியா?"

"அம்மாகிட்ட இப்பவே சொல்லப்போறேன்."

"சொல்லு. தாராளமாச் சொல்லு. அப்படியே போன கோடையில இது யார் தண்ணில பொழச்சுதுன்னும் சேத்துச் சொல்லிரு."

நான் நின்றேன்.

"தானாப் பொழச்சுதுன்னு நெனச்சியா?" என்றாள் சஃப்தா. "மூணு மாசம்? ஜூலை வெயில்ல, ஜன்னலோரத்துல? வியாழக்கெழம தவறாம வந்தேன், நீ வேலைக்குப் போனப்புறம். அவசரத்துக்குன்னு இலிங்கா எப்பவோ குடுத்த சாவி எங்கிட்ட இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போன ரெண்டாவது வாரம் அவ எனக்கு ஃபோன் பண்ணா. 'தாந்தி, ஊத்தினேங்கறான், குரல் சரியில்ல, ஒரு தடவ பாத்துட்டு வாங்க'ன்னா. வந்து பாத்தா மண்ணு வெடிச்சுக் கெடக்குது."

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"பின்ன? நோயாளிகிட்டப் பொய் சொல்றது என் வேலை இல்ல."

அது யாருடைய வேலை என்று அவள் சொல்லவில்லை.

"என்ன சொன்னா?"

"'நீங்க பாத்துக்குங்க தாந்தி. அவங்கிட்ட சொல்லாதீங்க. ஊத்தினேன்னு சொல்லிட்டே இருக்கட்டும்'னா."

மாலை ஏழு மணி. மூன்று மாதம். ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி, அந்தப் பதில். பீர் கலந்துதான் என்று நான் சொன்னபோதெல்லாம் இலையைத் துடைத்தது யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் நான் கூடுதலாக, செடி ஒரு புது இலை விட்டிருப்பதாகக்கூடச் சொன்னேன். "ஓட்டையோடவா?" என்று கேட்டாள். "ஆமா, ரெண்டு ஓட்டை" என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஆறு மாதமாக வைத்திருக்கிறேன்.

"தெரிஞ்சிருந்தும் எதுக்கு தினமும் கேட்டா?"

சஃப்தா ஒரு மஞ்சள் இலையைத் தண்டோடு முறித்தாள். நாலாக மடித்துக் கோட்டுப் பையில் போட்டாள்.

"அதையும் நான் கேட்டேன். காரணம் சொன்னா. அது..."

"ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க?" மாமியாரின் குரல். "செவெர், வந்து ரொட்டிய நறுக்கு!"

சஃப்தா கதவைக் காட்டி, போ என்று தலையசைத்தாள்.

நான் சமையலறைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். கனவும் இல்லை, ஒன்றும் இல்லை. செடி இங்கேயே இருக்கும். அழுகினால் என் வீட்டில் அழுகட்டும்.

மாமியார் நாலு தட்டு வைத்திருந்தார். நாலாவது இலிங்காவுக்கு. கோட்டைக் கழற்றிவிட்டிருந்தார். முடியைச் சீவியிருந்தார். அதை அப்போதுதான் கவனித்தேன். ஆறு மாதமாகச் சீவாமல் அள்ளிச் சுருட்டிக் கட்டியபடியேதான் வருவார்.

"புதன்கெழம ராத்திரி நாலு மணி நேரம் தூங்கினேன்" என்றார், பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே. "மாத்திரை போடல. நேத்தும் தூங்கினேன். பேசறான்னா அவ நல்ல எடத்துலதான் இருக்கா, இல்லையா? பேச முடியாத எடத்துல இருந்தா பேச மாட்டாங்க. எங்கம்மா அப்படித்தான் சொல்வாங்க."

என் வாய் திறந்தபடி இருந்தது.

"என்ன?" என்றார்.

"உப்பு" என்றேன். "உப்பு எங்க?"

"உன் வீட்டுல உப்பு எங்கன்னு எங்கிட்டக் கேளு."

ரொட்டியை நறுக்கினேன். கத்தியைக் கழுவினேன். துடைத்தேன். பிறகு சொன்னேன்.

"குடுத்துடறேம்மா."

"மனசார?"

"ஆமா."

அவர் அடுப்பை அணைத்தார். என் முகத்தைச் சோதித்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பையிலிருந்து புதுத் துண்டு ஒன்றை எடுத்தார். வட்ட ரொட்டி ஒன்றை எடுத்தார். எல்லாம் முன்பே வாங்கி வைத்திருந்தார்.

தொட்டியை நானும் சஃப்தாவும் வாசல்வரை நகர்த்தினோம். மாமியார் தண்டைச் சுற்றித் துண்டைக் கட்டினார். ரொட்டியை மண்மேல் வைத்தார். மெழுகுவத்தியை ஏற்றிச் சஃப்தாவிடம் கொடுத்தார். சஃப்தா வாசலுக்கு வெளியே நின்றாள். நான் உள்ளே. தொட்டியின் விளிம்பைப் பிடித்து அவள் பக்கம் தள்ளினேன்.

"இது இலிங்காவோட ஆத்மாவுக்கு."

"கடவுள் அவள மன்னிக்கட்டும்" என்றாள் சஃப்தா. இதற்கு நன்றி சொல்லக் கூடாது. அவள் சொல்லவில்லை.

முடிந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஏழு வருஷச் செடி.

மாமியார் நகரவில்லை. முன்னங்கையை இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"சஃப்தா. ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு சந்தையில கேக்க வாய் வரல."

"கேளுங்க லுக்ரேசியாம்மா."

"அவ என்னப் பத்தி ஏதாவது கேட்டாளா? அம்மா எப்படியிருக்கான்னு? ஒரு வார்த்தை?"

கேட்டாள் என்று சொல்லிவிடு. நான் அப்படித்தான் நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இதையும் சொல்லிவிடு. கண்ணால் ஜாடை காட்டினேன். சஃப்தா என்னைப் பார்க்கவில்லை. கையில் எரிகிற மெழுகுவத்தியைப் பார்த்தாள். மெழுகு உருகி அவள் கட்டைவிரலில் விழுந்தது. துடைக்கவில்லை.

"இல்ல" என்றாள். "கேக்கல."

அன்று அவள் என் மாமியாரிடம் சொன்ன ஒரே உண்மை அது.

"சரி" என்றார் மாமியார். "செடியக் கேட்டிருக்கா. அம்மாவக் கேக்கல. சரி." இரண்டு முறை தலையாட்டினார். உள்ளே திரும்பிப் படுக்கையறைக்குப் போனார். வரும்போது அவர் அக்குளில் என் தலையணை இருந்தது.

"அதெதுக்கும்மா?"

"அவளோடதைத்தான் அன்னிக்கே குடுத்தாச்சே. இதுதான் அவ பக்கத்துல இருந்தது." சஃப்தாவைத் தாண்டிப் படியில் இறங்க ஆரம்பித்தார். "நீங்க செடியத் தூக்குங்க. நான் முன்னாடி போறேன்."

"லுக்ரேசியாம்மா, சாப்பாடு..."

"ஆறட்டும்."

லிஃப்டில் செடி நுழையாது. படி வழியாக நானும் சஃப்தாவும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். இலைகள் கம்பியில் உரசின. ஒன்று கிழிந்தது. எங்களுக்கு முன்னால் மாமியார் ஒவ்வொரு படியாக, தலையணையை விடாமல் இறங்கினார்.

சஃப்தாவின் படுக்கையறை என்னுடையதைப் போலவே இருந்தது. அதே ஜன்னல், அதே மூலை. கூரையில் கட்டிலுக்கு நேர் மேலே பழுப்பு நிறத்தில் பெரிய வட்டம். செடியை ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தோம். சஃப்தா உடனே தொட்டியடியில் இருந்த தட்டை உருவி, தேங்கிய தண்ணீரை வாளியில் கொட்டினாள்.

"இந்தக் கட்டில்லயா படுத்திருந்த, அவ வந்தப்ப?" என்றார் மாமியார்.

சஃப்தா வாளியோடு நின்றாள்.

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

"என்ன எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமாப் படுத்திருந்தன்னு கேக்கறேன். சுவர்ப் பக்கமா, இந்தப் பக்கமா?"

"...சுவர்ப் பக்கம்."

மாமியார் சுவர்ப் பக்கம் தலையணையைப் போட்டார். தட்டிச் சரிசெய்தார். கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்தார். கறுப்பு உடையோடேயே படுத்து, கைகளை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். மணி ஒன்றுகூட ஆகவில்லை.

"இங்கதான் அவளுக்கு வழி தெரிஞ்சிருக்கு" என்றார் கூரையைப் பார்த்து. "எங்கிட்ட வர மாட்டேங்கறா, நான் வந்துட்டேன். செடியும் இங்க வந்துருச்சு. ஏன் கேக்கலேன்னு நானே கேட்டுக்கறேன்."

"அம்மா, வீட்டுக்குப் போலாம்."

"இன்னிக்கு வரலேன்னா நாளைக்கு. எனக்கு வேற என்ன வேலை? சஃப்தா, உனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

"இல்ல" என்றாள் சஃப்தா.

"அப்ப திரைய இழுத்து விடு. ரெண்டு பேரும் வெளிய போங்க. ஆள் நடமாட்டம் இருந்தா வர மாட்டாங்க."

சஃப்தா திரையை இழுத்தாள். நாங்கள் நடைக்கு வந்தோம். அவள் கதவைச் சாத்தினாள், முழுதாகச் சாத்தவில்லை. வாளி இன்னும் அவள் கையில் இருந்தது.

"இப்ப என்னடா பண்றது?" என்றாள் கிசுகிசுப்பாக.

கதவு இடுக்கில் பார்த்தேன். மாமியார் கண் மூடியிருந்தார். உதடுகள் அசைந்தன. பிறகு கட்டில் கிறீச்சிட்டது. அவர் சுவரோடு சுவராக நகர்ந்து, மறு பாதியைக் காலியாக விட்டார்.